யூரியா முதல் அமினோ அமிலம் வரை: உயிரின் மூலப்பொருள்கள் விண்வெளியில் உருவாவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உயர்தரத்துக்கு இரசாயனமும் உயிரியலும் படிக்கிற பிள்ளைகள், அவர்களுக்குக் கற்பிக்கிற ஆசிரியர்கள், வானம் பார்க்கும் இரவுகளில் பிள்ளைகளோடு கூட வருகிற பெற்றோர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. கேட்டவர்களின் வாய்ச்சொல்லை மாற்றாமல் விட்டிருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றில் தங்கியிருப்பதால் வரிசையாக வாசிப்பது நல்லது.

1. விண்வெளியில உயிர் இரிக்கு எண்டா சொல்றீங்க?

இல்லை. பூமிக்கு வெளியே உயிருள்ள எதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. இங்கே பேசுவது மூலக்கூறுகளைப் பற்றி மட்டுமே. புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்கள், டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டுக்கும் வேண்டிய நைதரசன் மூலங்கள், ரைபோசு போன்ற வெல்லங்கள், மென்சவ்வை ஆக்கக்கூடிய நீண்ட காபன் சங்கிலிகள் என்பவை அவை.

மருதமுனையில் ஒரு வீட்டுத் திண்ணையில் சாயம் தோய்த்த நூல் காய்வதைக் கண்டால், உள்ளே சாறன் நெய்து முடிந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. தறி வேண்டும், பாவு ஓட்ட வேண்டும், நெய்கிற கை வேண்டும். விண்வெளியில் நூல் கிடைக்கிறது என்பது உறுதி. தறி எங்கே, எப்போது அமைந்தது என்பது வேறு கேள்வி. அதற்குக் கடைசியில் வருவோம்.

2. உயிருக்குள்ள இரிக்கிற பொருள் உயிராலதானே உண்டாகும்? சும்மா எப்படி வரும்?

1828 வரை பெரும்பாலான இரசாயனவியலாளர்களும் இப்படித்தான் நினைத்தார்கள். அந்த ஆண்டு ஜேர்மனியில் பிரீட்ரிக் வோலர், உயிரற்ற உப்பான அமோனியம் சயனேற்றைச் சூடாக்கி யூரியாவைப் பெற்றார். அதுவரை யூரியா சிறுநீரில் இருந்து மட்டும் வருவது. இன்று நம் வயல்களுக்கு வீசுகிற யூரியா, தொழிற்சாலையில் அமோனியாவையும் காபனீரொட்சைட்டையும் அழுத்தத்தில் சேர்த்துச் செய்ததுதான். அதே யூரியா, பால்வீதியின் நடுப்பகுதிக்கு அருகே உள்ள தனுசு பி2 என்ற வாயு மேகத்தில் இருப்பதாக 2019 இல் அறிவிக்கப்பட்டது. மூலக்கூறு ஒன்றுதான். அதைச் செய்தது ஆடா, ஆலையா, மேகமா என்பது அதன் முகத்தில் எழுதியிருக்காது. (எழுதியிருக்கும் ஓர் இடம் உண்டு. 11 ஆவது பதிலைப் பாருங்கள்.)

இரண்டாவது பெரிய அடி 1953 இல் ஸ்டான்லி மில்லர் வெளியிட்ட பரிசோதனை. மூடிய கண்ணாடிக் குடுவைத் தொகுதிக்குள் நீர், மெதேன், அமோனியா, ஐதரசன் ஆகியவற்றை அடைத்து, நீரைக் கொதிக்க வைத்து, ஒரு வாரம் மின்பொறி பாய்ச்சினார். நீர் நிறம் மாறியது. அதில் கிளைசீன், அலனின் உள்ளிட்ட அமினோ அமிலங்கள் இருந்தன.

3. விண்வெளி வெற்றிடம்தானே? அணுவும் அணுவும் எங்க போய்ச் சந்திக்கும்?

நாம் மூச்சு விடுகிற காற்றில் ஒரு கன சென்ரிமீற்றருக்குள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் உள்ளன. விண்வெளியின் அடர்ந்த மூலக்கூற்று மேகம் ஒன்றில் அதே இடத்துக்குள் பத்தாயிரம் முதல் பத்து இலட்சம் வரைதான். வெப்பநிலை மறை 263 செல்சியஸ் பாகைக்கு அருகில். மோதல் மிக அரிது; ஆனால் இலட்சக்கணக்கான ஆண்டுகள் கையில் உள்ளன.

அரிது என்பதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இரண்டு அணுக்கள் வெளியில் மோதிப் பிணைந்தால் பிணைப்புச் சக்தி வெளிப்படும். அதை வாங்கிக்கொள்ள மூன்றாவதாக ஒன்று இல்லாவிட்டால் அந்தச் சக்தியே அவற்றைத் திரும்பப் பிரித்துவிடும். இங்கேதான் தூசி உதவுகிறது. மேகத்தின் திணிவில் நூற்றில் ஒரு பங்கு சிலிக்கேற்றும் காபனும் கலந்த தூசி. ஒரு துணிக்கை பெரும்பாலும் மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதன் மேல் அணு ஒட்டும், நகரும், இன்னொன்றைச் சந்திக்கும், பிணையும். மிச்சச் சக்தியைத் தூசி வாங்கிக்கொள்ளும். விண்வெளியின் ஐதரசன் மூலக்கூறுகளில் பெரும்பகுதி இப்படித் தூசியின் மேல்தான் பிறக்கிறது.

4. அந்தத் தூசில முதல்ல என்ன உண்டாகும்?

பனிக்கட்டி. ஒட்சிசன் அணுவோடு ஐதரசன் அணுக்கள் சேர்ந்து நீராகி அங்கேயே உறைகிறது. நைதரசன் மூன்று ஐதரசனைச் சேர்த்து அமோனியாவாகிறது. காபன் நான்கைச் சேர்த்து மெதேனாகிறது. இன்னும் குளிர்ந்து மறை 253 பாகைக்குக் கீழே போகும்போது காபனோரொட்சைட்டு வாயுவும் தூசியில் உறைகிறது. இதிலிருந்துதான் காபன் இரசாயனம் சூடு பிடிக்கிறது. உறைந்த காபனோரொட்சைட்டோடு ஐதரசன் அணுக்கள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர, இரண்டாவதில் போமல்டிகைட்டு, நான்காவதில் மெதனோல். உயிரியல் ஆய்கூடத்தில் தவளையும் மீனும் மிதக்கிற போமலின் போத்தலில் உள்ளது இந்தப் போமல்டிகைட்டின் நீர்க்கரைசல்தான்.

இந்த வரிசையில் இரண்டு படிகளுக்குச் சக்தித் தடை உண்டு. அந்தக் குளிரில் அதைத் தாண்டி ஏற முடியாது. ஐதரசன் மிக இலேசானதால் தடையின் ஊடாகவே புகுந்து மறுபக்கம் வருகிறது. குவாண்டம் புரைவழி என்பது இது. கனமான அணுக்களுக்கு இந்த வசதி மிகக் குறைவு; அதனால்தான் ஆரம்பக் கட்டத்தில் ஐதரசன் ஏறிய மூலக்கூறுகளே அதிகம்.

5. அடுப்பு இல்லாம சோறு வேகுமா? அந்தக் குளிரில பெரிய மூலக்கூறு எப்படி?

அடுப்பு இருக்கிறது, வேறு வகை. கழியூதாக் கதிரும் அண்டக்கதிரும் பனிக்குள் உள்ள மூலக்கூறுகளை உடைத்து முழுமையற்ற துண்டுகளாக்குகின்றன. குளிரில் அவை அசையாமல் சிக்கிக் கிடக்கும். அருகில் ஒரு விண்மீன் பிறந்து பனி மெல்லச் சூடாகும்போது துண்டுகள் நகர்ந்து ஒன்றோடொன்று இணையும். மறை 170 பாகை அளவில் பனி முழுவதும் ஆவியாகி, உள்ளே உண்டானவை எல்லாம் வாயுவாக வெளியே வரும். வானொலித் தொலைகாட்டிகள் அதிக வகை மூலக்கூறுகளைக் காண்பது இப்படியான சூடான கருக்களில்.

இதை ஆய்கூடத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். உயர் வெற்றிடத்தில் மறை 261 பாகைக்குக் குளிர்ந்த ஒரு தட்டு. அதன் மேல் நீர், மெதனோல், அமோனியா, காபனோரொட்சைட்டு, காபனீரொட்சைட்டு கலந்த வாயுவைப் படிய விடுகிறார்கள். படியும்போதே ஐதரசன் விளக்கின் கழியூதா ஒளி அதன் மேல் விழுகிறது. பிறகு மெல்ல அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்தால், பனி போய் ஒரு மெல்லிய படிவு மிஞ்சும். 2002 இல் ஐரோப்பியக் குழு ஒன்று இந்தப் படிவை ஐதரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கிப் பகுத்து 16 அமினோ அமிலங்களைக் கண்டது. அதே ஆண்டு நாசாவின் ஏம்ஸ் நிலையமும் சற்றே வேறு கலவையில் கிளைசீன், அலனின், செரின் மூன்றையும் பெற்றது. 2016 இல் இதேவகைப் பனியில் ரைபோசு வெல்லமும் கிடைத்தது.

அமிலத்தில் சூடாக்கியது ஏன் என்று கேட்க வேண்டும். படிவில் உள்ளவற்றில் பெரும்பகுதி நேரடி அமினோ அமிலம் அல்ல. நீரால் உடைந்து அமினோ அமிலமாகக்கூடிய முன்னோடிகள். ஆகவே பனி பாதி வேலையைச் செய்கிறது, மீதிக்குத் திரவ நீர் வேண்டும் என்று வாசிப்பதே சரி. ஆனால் 2021 இல் கழியூதா ஒளியே இல்லாமல், பனியின் மேல் அணுக்கள் சேர்வதால் மட்டும் கிளைசீன் உருவாகலாம் என்றும் காட்டப்பட்டது.

6. 26,000 ஒளியாண்டு தூரத்தில கிடக்கிறது இன்ன மூலக்கூறுதான் எண்டு எப்படிச் சொல்லுறீங்க?

வாயுவில் உள்ள மூலக்கூறு சுழல்கிறது. சுழற்சி வேகம் படிப்படியாகத்தான் மாற முடியும். ஒரு படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கும்போது குறித்த ஒரு மீடிறனில் வானொலி அலை வெளியே வரும். படிகளின் இடைவெளி மூலக்கூற்றின் வடிவத்தையும் திணிவையும் பொறுத்தது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித்த கோட்டு வரிசை. போமல்டிகைட்டை 1969 இல் கண்டது 4.83 கிகாஹேட்ஸ் கோட்டால். இன்றுவரை இப்படி இனங்கண்ட மூலக்கூறுகள் 300 ஐத் தாண்டுகின்றன.

பிழை எங்கே வரும்? பெரிய மூலக்கூற்றுக்கு ஆயிரக்கணக்கான கோடுகள், ஒவ்வொன்றும் மங்கல். தனுசு பி2 போன்ற மேகத்தில் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். இரண்டு மூன்று கோடு பொருந்திவிட்டால் போதாது. வரவேண்டிய எல்லாக் கோடுகளும், வரவேண்டிய பலத்தில் இருக்க வேண்டும். 2003 இல் கிளைசீனைக் கண்டதாக ஓர் அறிவிப்பு வந்தது. 2005 இல் வேறொரு குழு சரிபார்த்தபோது, கட்டாயம் தெரிய வேண்டிய சில கோடுகள் அங்கே இல்லை. மேக வாயுவில் கிளைசீன் இன்னும் உறுதிப்படவில்லை. அதற்கு ஒரு படி முன்னால் நிற்கிற அமினோ அசற்றோநைத்திரைல் 2008 இலும், கலமென்சவ்வுக் கொழுப்பின் தலைப்பகுதியில் வருகிற எதனோலமைன் 2021 இலும் உறுதியாகின.

7. அந்த இடங்கள எங்கட வானத்தில பாக்க ஏலுமா?

திசையைப் பார்க்கலாம்; மூலக்கூறு கண்ணுக்குத் தெரியாது. மட்டக்களப்பு 7.7 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால் நமக்கு நல்ல வாய்ப்பு. தனுசு பி2 தெற்கே 54 பாகை உயரம் வரை ஏறும். ஐரோப்பாவின் பல இடங்களில் அது அடிவானத்தை விட்டு நன்றாக எழும்புவதே இல்லை. யூலை கடைசியில் இரவு ஒன்பதரை மணியளவில் உச்சத்தில் நிற்கும். அது நமக்கு வரண்ட காலம், வானமும் திறந்திருக்கும். அதே நேரம் சற்று மேற்கே சிவப்பாகத் தெரிவது கேட்டை. அதற்கு இரண்டு பாகை பக்கத்தில், 400 ஒளியாண்டுக்கு அப்பால் பிறந்துகொண்டிருக்கிற ஒரு விண்மீனைச் சுற்றி, வெல்லங்களில் மிக எளியதான கிளைக்கோலல்டிகைட்டை சிலியில் உள்ள அல்மா தொலைகாட்டி 2012 இல் கண்டது.

மிருகசீரிடமும் திருவாதிரையும் இருக்கிற ஒரையன் தொகுதியின் வாள் பகுதியில் மங்கலான புகை போல ஒரு நெபுலா தெரியும். அதன் பின்னால் மறைந்திருக்கிற மேகமும் மூலக்கூறு நிறைந்த இடம். மார்கழியில் நடுச்சாமத்தில் உச்சிக்கு வரும் என்றாலும் வடகீழ்ப் பருவமழை விடாது. மாசி நடுப்பகுதியில் இரவு எட்டு மணிக்குப் பாருங்கள்.

8. ஆகாயக்கல்லில அமினோ அமிலம் எண்டு சொல்றது எந்தக் கல்?

மேர்ச்சிசன். 1969 செப்டெம்பர் 28 அன்று அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலத்தில் அந்தப் பெயருள்ள ஊரில் விழுந்தது. ஏறத்தாழ 100 கிலோகிராம் சேகரிக்கப்பட்டது. விழும்போது பார்த்து உடனே எடுத்ததாலும், அப்போலோ நிலவுக் கற்களுக்கு ஆயத்தமான ஆய்கூடங்கள் அந்த நேரம் இருந்ததாலும், 1970 இலேயே அமினோ அமிலங்கள் அறிவிக்கப்பட்டன. இதுவரை எழுபதுக்கு மேற்பட்ட வகைகள் அதில் கண்டறியப்பட்டுள்ளன. நம் புரதங்கள் பயன்படுத்துவது இருபதைத்தான். ஐசோவலின் போல, பூமியின் உயிர்களில் மிக அரிதாகவே வருகிறவை அதில் நிறைய இருப்பதுதான் கவனிக்க வேண்டியது.

எல்லா ஆகாயக்கல்லிலும் இது கிடைக்காது. காபன் செறிந்த கொன்றைற்று என்ற வகையில்தான். விழுகிறவற்றில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு.

9. மேகத்தில செய்ததுதான் கல்லுக்குள்ள வந்ததா, இல்லாட்டி கல்லுக்குள்ளயே சமைஞ்சதா?

இரண்டும். மேகம் சரக்கைக் கொடுக்கிறது, கல் சமைக்கிறது. சூரியத் தொகுதி உருவான காலத்தில் சிறுகோள்களுக்குள் அலுமினியம் 26 என்ற கதிர்த்தொழிற்பாட்டுச் சமதானி (ஒரே மூலகத்தின் வேறு திணிவுள்ள அணு) கலந்திருந்தது. அதன் அரைவாழ்வு ஏழு இலட்சம் ஆண்டு அளவு. அது தேயும்போது வந்த வெப்பம் உள்ளிருந்த பனியை உருக்கியது. கல்லின் துளைகளில் திரவ நீர், அதில் கரைந்த அமோனியா, போமல்டிகைட்டு, ஐதரசன் சயனைட்டு. கடைசியாகச் சொன்னது, மரவள்ளிக் கிழங்கை நன்றாக அவித்து நீரை ஊற்றச் சொல்வதற்குக் காரணமான அதே நஞ்சு.

இப்போது ஸ்ரெக்கர் தாக்கம் நடக்கும். ஓர் அல்டிகைட்டு, அமோனியா, ஐதரசன் சயனைட்டு மூன்றும் சேர்ந்து அமினோ நைத்திரைல் ஆகும். அது நீரோடு தாக்கி அமினோ அமிலமாகும். தொடங்கும் அல்டிகைட்டு எதுவோ அதற்கேற்ற அமிலம் வரும். போமல்டிகைட்டுக்குக் கிளைசீன், அசற்றல்டிகைட்டுக்கு அலனின். அல்டிகைட்டுக்குப் பதிலாகப் பியூற்றனோன் என்ற கீற்றோன் போனால், 8 இல் சொன்ன ஐசோவலின். இன்னொரு வழியில் ஐதரசன் சயனைட்டு மூலக்கூறுகள் ஐந்து சேர்ந்தால் அணுக்கணக்கு அப்படியே அடெனின், டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டிலும் வருகிற ஒரு நைதரசன் மூலம். அமோனியம் சயனைட்டுக் கரைசலைச் சூடாக்கி ஜோன் ஓரோ இதை 1960 இல் காட்டினார். போமல்டிகைட்டு காரக் கரைசலில் தன்னோடு தான் சேர்ந்து வெல்லக் கலவையாவதை பட்லெரோவ் 1861 இலேயே கண்டிருந்தார்.

கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. அமோனியா குறைந்தால் போமல்டிகைட்டும் சயனைட்டும் தங்களுக்குள் சேர்ந்து, அமினோ அமிலத்துக்குப் பதில் ஐதரொட்சி அமிலம் மிஞ்சும். வெல்லத் தாக்கம் நிற்கத் தெரியாதது. விட்டுவிட்டால் ரைபோசைத் தாண்டிப் போய்க் கபிலநிறத் தார் ஆகிவிடும். சிறுகோள் பெரிதாகி உள்ளே சில நூறு பாகை சூடு ஏறினால் உண்டான அமினோ அமிலமும் சிதையும். ஒரே குடும்பத்துக் கற்களிலும் சிலதில் நிறைய, சிலதில் ஒன்றும் இல்லாமல் இருப்பதற்கு இதுதான் முக்கிய காரணம்.

10. எரிஞ்சுகொண்டு வாற கல்லுக்குள்ள எல்லாம் கருகிப் போவாதா?

மேற்பரப்பு கருகும், உள்ளே கருகாது. வினாடிக்கு பதினைந்து இருபது கிலோமீற்றர் வேகத்தில் நுழையும் கல், சில வினாடிகளே ஒளிர்கிறது. உருகிய மேற்பகுதி அப்படியே உரிந்து போவதால் வெப்பம் உள்ளே போக நேரமில்லை. நிலத்துக்கு வரும்போது ஒரு மில்லிமீற்றர் அளவான கருந்தோல் மட்டும் மிஞ்சும். தேங்காயைத் தணலில் வாட்டினால் சிரட்டை கருகும். தண்ணீர் உடனே கொதித்துவிடாது.

பெரிய கல்லைவிட நுண்ணிய தூசி முக்கியம். ஆண்டுக்கு ஏறத்தாழ 5,200 தொன் விண்தூசி நிலத்தை எட்டுவதாக அந்தாட்டிக்காப் பனியில் எடுத்த அளவீடுகள் 2021 இல் காட்டின. அதில் ஒரு பகுதி மிக உயரத்திலேயே வேகம் தணிந்து உருகாமல் இறங்குகிறது.

11. கீழ விழுந்த பிறகு எங்கட கை பட்டு, மண் பட்டு ஒட்டினதா இரிக்கலாமே?

மிகச் சரியான சந்தேகம். கேள்விகளில் இதைத்தான் நாங்கள் அதிகம் விரும்புகிறோம், ஏனென்றால் இந்தத் துறையின் பாதி உழைப்பு இதற்கே போகிறது. ஒரே ஒரு சோதனையை நம்புவதில்லை.

முதலாவது கைவாகு. புரதத்தில் வரும் அமினோ அமிலங்களில் கிளைசீனைத் தவிர ஏனையவை இடக்கையும் வலக்கையும் போல இரண்டு வடிவங்களில் வரலாம். உயிர்கள் புரதத்துக்கு இடக்கையை மட்டும் பயன்படுத்துகின்றன. கல்லில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் அது கைரேகையிலிருந்து வந்ததல்ல. இரண்டாவது, ஐசோவலின் போன்ற, உயிரில் வழக்கமாக இல்லாத வகைகள் கூட இருக்கின்றனவா என்று பார்ப்பது. மூன்றாவது சமதானி. கடுங்குளிரில் நடந்த தாக்கம் பார ஐதரசனை அதிகம் பிடித்து வைக்கும். காபன் 13 இன் பங்கும் பூமி உயிர்களைவிட உயர்ந்திருக்கும். 2 இல் "எழுதியிருக்கும்" என்றது இந்த முத்திரையை. நான்காவது, கல் கிடந்த இடத்து மண்ணையும், வெறும் நீரையும், பாவித்த கண்ணாடிகளையும் அதே முறையில் பகுப்பது.

வில்ட் 2 வால்வெள்ளியின் தூசியை ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2006 சனவரியில் கொண்டுவந்தபோது நைலோன் பையிலிருந்து ஓர் அமினோ அமிலம் மாதிரியில் ஏறியிருந்தது. நைலோன் சிதைந்தால் அது வரும். ஆகவே கூடவே இருந்த கிளைசீனையும் யாரும் உடனே நம்பவில்லை. காபன் சமதானியை அளந்து 2009 இல்தான் அது வால்வெள்ளியினுடையது என்று உறுதி செய்தார்கள்.

12. பொலன்னறுவையில விழுந்த கல்லுக்குள்ள உயிர் கண்டது எண்டு பேப்பரில வந்ததே?

2012 டிசெம்பர் 29 அன்று பொலன்னறுவைப் பக்கம் தீக்கோளம் ஒன்று தெரிந்ததாகச் சொல்லப்பட்டது. பிறகு சேகரித்த கற்களுக்குள் டயற்றம் என்ற நுண்ணிய அல்காக்களின் ஓடுகள் உள்ளதாக சந்திரா விக்கிரமசிங்கவும் கூட்டாளிகளும் 2013 இல் எழுதினார்கள். துறைசார்ந்தோர் அதை ஏற்கவில்லை. அந்தக் கற்கள் ஆகாயக்கற்கள் என்பதே ஐயமறக் காட்டப்படவில்லை. கண்ட டயற்றங்களும் பூமியின் நன்னீரில் தெரிந்தவை. மட்டக்களப்பு வாவியில் ஒரு துளி எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தாலே டயற்றம் தெரியும். துளையுள்ள ஒரு கல் ஈரநிலத்தில் கிடந்தால் அதற்குள் போகாமல் இருப்பதுதான் அதிசயம். 11 இன் நான்கு சோதனைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள், எங்கே தடுக்கிறது என்று விளங்கும். கேரளத்தில் 2001 இல் பெய்த செம்மழையும் அப்படியே: நிறம் ஓர் அல்காவின் வித்திகளிலிருந்து வந்தது.

விக்கிரமசிங்க பற்றி நியாயமாகச் சொல்ல ஒன்று உண்டு. கொழும்பில் பிறந்த அவர், விண்தூசியில் போமல்டிகைட்டின் பல்பகுதியங்கள் இருக்கலாம் என்று 1974 இல் எழுதினார். விண்தூசியில் சேதனப் பொருள் நிறைய உண்டு என்ற அந்தத் திசை சரியானது. தூசியே நுண்ணுயிர் என்ற அடுத்த பாய்ச்சலுக்குத்தான் சான்று இல்லை.

13. அப்ப விழுறதப் பார்த்திருக்காம, நேர போய் எடுத்தா என்ன?

எடுத்தார்கள். யப்பானின் ஹயபுசா 2, றியூகு சிறுகோளிலிருந்து 5.4 கிராமை 2020 டிசெம்பர் 6 அன்று கொண்டுவந்தது. இருபதுக்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள். 2023 இல் ஆர்என்ஏயின் நைதரசன் மூலங்களில் ஒன்றான யூராசிலும் அறிவிக்கப்பட்டது. நாசாவின் ஒசைரிஸ்–ரெக்ஸ், பென்னு சிறுகோளின் 121.6 கிராமை 2023 செப்டெம்பர் 24 அன்று யூட்டா பாலைவனத்தில் இறக்கியது. 2025 சனவரியில் வந்த முடிவுகள்: புரதத்தின் இருபதில் 14 அமினோ அமிலங்கள், டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டின் ஐந்து நைதரசன் மூலங்களும், நிறைய அமோனியா. அந்த ஆண்டின் கடைசியில் ரைபோசும் குளுக்கோசும் அறிவிக்கப்பட்டன.

பென்னுவில் எங்களை அதிகம் கவர்ந்தது உப்பு. ஆனையிறவு உப்பளத்தில் நீர் வற்ற வற்ற, குறைவாகக் கரையும் உப்பு முதலிலும் கூடக் கரைவது கடைசியிலும் படியும். பென்னு மணலில் சோடியம் காபனேற்று வகைகளும் சாதாரண உப்பும் அப்படி வரிசையாய்ப் படிந்திருந்தன. அதாவது பென்னு எந்தப் பெரிய உடலிலிருந்து உடைந்து வந்ததோ, அதற்குள் உப்புநீர்க் குட்டைகள் இருந்து வற்றியிருக்கின்றன. 9 இல் சொன்ன சமையல் நீருக்கு இதைவிட நேரடியான தடயம் கிடைப்பது கடினம். இந்த உப்புகளில் பல ஈரக்காற்றில் கரைந்து போகும். பூமியில் விழுந்த கற்களில் அவை மிஞ்சாததற்கு அது ஒரு காரணம். பென்னு மணலை நைதரசன் வாயுவுக்குள் வைத்திருந்ததால் தப்பின.

14. உயிர் ஏன் இடக்கைய மட்டும் எடுத்தது? அதுவும் விண்வெளியில இருந்து வந்த பழக்கமா?

ஒரு காலத்தில் "ஆம்" என்று சாய்ந்திருந்தார்கள். மேர்ச்சிசனின் ஐசோவலினில் இடக்கை வடிவம் 18 சதவீதம் வரை மிகுந்திருப்பதாக 2009 இல் அளவிட்டார்கள். பிறக்கும் விண்மீன் அருகே வட்டமுனைவாக்கப்பட்ட ஒளி (திருகு போலச் சுழன்று செல்லும் ஒளி) ஒரு வடிவத்தை அதிகம் சிதைத்திருக்கலாம். நீர் அந்தச் சிறு வேறுபாட்டைப் பெருக்கியிருக்கலாம் என்பது விளக்கம்.

ஆனால் றியூகுவிலும் பென்னுவிலும் இரண்டு கையும் ஏறத்தாழச் சமம். மிகச் சுத்தமாக எடுத்த மாதிரிகளில் சாய்வு தெரியவில்லை என்பது பெரிய அடி. ஒரு விளக்கத்தைக் கேள்விப்பட்டதும் பாடக்குறிப்பில் உறுதியாக எழுதிவிட வேண்டாம் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

15. பொசுபரசு இல்லாம டிஎன்ஏ வராதே, அது எங்க?

சுர்யுமோவ்–கெராசிமென்கோ வால்வெள்ளியைச் சுற்றிய றொசெற்றா விண்கலம், அதன் வாயுவில் கிளைசீனோடு பொசுபரசையும் கண்டது. 2016 இல் அறிவிக்கப்பட்டது. இரும்பு ஆகாயக்கற்களில் ஸ்கிரைபர்சைற்று என்ற இரும்பு–நிக்கல் பொசுபைட்டுக் கனியமும் உண்டு. நீரில் அது மெல்லத் தாக்கி, பொசுபேற்றைவிட நன்றாகக் கரையும் பொசுபைற்றைக் கொடுக்கும்.

16. ஏதோ ஒரு கிரகத்தில உயிர் விடுற வாயுவக் கண்டுபிடிச்சிட்டாங்க எண்டு செய்தி வந்ததே?

கே2-18 பி, 124 ஒளியாண்டு தொலைவில். ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியின் தரவில் டைமெதைல் சல்பைட்டின் அடையாளம் தெரிவதாகக் கேம்பிரிட்ஜ் குழு 2025 ஏப்பிரலில் அறிவித்தது. பூமியில் அதைப் பெரும்பாலும் கடலின் நுண்ணிய அல்காக்கள் தருகின்றன. அடையாளமே தெளிவில்லை என்று வேறு குழுக்கள் சொல்கின்றன. தெளிவாகவே இருந்தாலும் போதாது: 15 இல் சொன்ன அதே வால்வெள்ளியில் அந்த வாயு இருப்பது 2024 இல் தெரியவந்தது. வால்வெள்ளியில் அல்கா இல்லை. உயிர் இல்லாமலும் உண்டாகும் ஒன்றை உயிரின் சாட்சியாக நிறுத்த முடியாது.

17. மில்லர் செய்த மாதிரி எங்கட ஸ்கூல் லாப்பில செய்யலாமா சேர்?

வேண்டாம். மெதேனும் ஐதரசனும் உள்ள குடுவையில் சிறிது காற்று மிஞ்சியிருந்தாலும் மின்பொறி பட்டதும் வெடிக்கும். சயனைட்டும் உண்டாகும். போமலினை வைத்து வெல்லம் செய்யும் முயற்சியும் வேண்டாம்.

செய்யக்கூடியது, 11 இன் பாடத்தை ஒரு தாளில் காட்டுவது. நிறப்பகுப்புத் தாளில் அடியிலிருந்து 2 சென்ரிமீற்றர் மேலே பென்சிலால் கோடு போடுங்கள். பேனை மை கரைந்து ஓடும். கையுறை போட்டுத் தாளின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். கோட்டில் கிளைசீன், அலனின், லியூசின் கரைசல்களையும், நான்காவதாக வெறும் நீரையும் சிறு புள்ளிகளாக வையுங்கள். புள்ளி 5 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. தாளின் மேல்மூலையில் வெறும் விரலை ஒருமுறை அழுத்துங்கள். பியூற்றனோல், அசற்றிக் அமிலம், நீர் என்பவற்றை 12:3:5 கனவளவில் கலந்து, மூடிய போத்தலில் அடியில் ஒரு சென்ரிமீற்றர் ஊற்றி, அரை மணி நேரம் ஆவி நிறைய விட்ட பிறகு தாளை இறக்குங்கள். கரைப்பான் 10 சென்ரிமீற்றர் ஏறியதும் எடுத்து உலர்த்தி, 100 மில்லிலீற்றர் எதனோலில் 0.2 கிராம் நின்ஹைட்ரின் கரைத்துத் தெளித்து, 105 பாகையில் ஐந்து நிமிடம் வையுங்கள். தெளிப்பது காற்றோட்டமான இடத்தில். எதனோல் எரியும், ஆகவே சுவாலை அருகில் வேண்டாம்.

கிளைசீன் கீழே, அலனின் சற்று மேலே, லியூசின் உயரத்தில் ஊதாவாகத் தெரியும். விரல் வைத்த இடத்திலும் ஊதா வரும். வியர்வையின் அமினோ அமிலம் அது. நீர்ப் புள்ளியில் நிறம் வந்தால் எங்கோ அசுத்தம் புகுந்துவிட்டது, திரும்பச் செய்ய வேண்டும். புள்ளிகள் வால் போல இழுபட்டால் அதிகம் வைத்துவிட்டீர்கள். ஒன்றும் ஏறாமல் மங்கிப் போனால் கரைப்பான் மட்டம் பென்சில் கோட்டைத் தொட்டு, வைத்ததைக் கழுவிவிட்டது.

18. வயலுக்க பாரமான கறுத்தக் கல் ஒண்டு கிடந்தது. ஆகாயக்கல்லா?

பெரும்பாலும் இல்லை. காற்றுக்குமிழ்த் துளைகள் நிறைந்திருந்தால் அது உலைக்கசடாக இருக்கலாம். தரையோட்டின் மெருகில்லாத பின்புறத்தில் கல்லை உரசுங்கள்: சிவப்புக் கோடு விழுந்தால் ஏமற்றைற்று, கருங்கோடு விழுந்தால் மக்னற்றைற்று; இரண்டும் பூமியின் இரும்புக் கனியங்கள். ஆகாயக்கல் பொதுவாகக் கோடு விடாது. உடைந்த முகத்தில் சாம்பல் நிறமும் உலோகப் பொட்டுகளும், வெளியே மெல்லிய கருந்தோலும் இருந்தால் மேலே விசாரிக்கலாம்.

விழுவதையே கண்டு உடனே கண்டெடுத்தால் விதி வேறு. கழுவக்கூடாது, வெறுங்கையால் தொடக்கூடாது, காந்தம் வைக்கக்கூடாது. காந்தம் கல்லின் பழைய காந்தப் பதிவை அழித்துவிடும். கிடந்த நிலையில் படம் எடுத்து, நேரத்தையும் இடத்தையும் குறித்து, சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றுங்கள். பக்கத்து மண்ணில் ஒரு பிடியைத் தனியாகச் சுற்றுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறைக்கு அறிவிக்கலாம். 2021 பெப்ரவரி 28 இல் இங்கிலாந்தின் வின்ச்கோமில் ஒரு வீட்டு முற்றத்தில் விழுந்த காபன் கொன்றைற்று, மழை படுவதற்கு முன் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்டதால்தான் அவ்வளவு பயன்பட்டது.

19. எல்லாச் சரக்கும் வந்து சேர்ந்தா, ஏன் இன்னும் ஆய்கூடத்தில உயிர் வரேல்ல?

இப்போது தறிக்கு வருகிறோம். இரண்டு அமினோ அமிலங்கள் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் நீரே நிறைந்திருந்தால் தாக்கம் பின்னோக்கித்தான் சாயும். ஆகவே சரக்கைக் கரைக்க நீர் வேண்டும், கோக்க நீர் போக வேண்டும். கடலில் விழுந்தால் அளவுக்கு மேல் ஐதாகிவிடும். வாவிக்கரையின் ஓரக்குட்டை போல, வெயிலில் வற்றி மழையில் நிரம்புகிற இடம் இரண்டுக்கும் பொருந்தும். நனைத்து உலர்த்தும் சுற்றுகளால் குறுகிய சங்கிலிகளை ஆய்கூடங்களில் பெற்றிருக்கிறார்கள்.

சங்கிலி வந்தாலும் அது தன்னைப் படியெடுக்க வேண்டும். கல்லில் வருகிற கலவையில் இரண்டு கை அமினோ அமிலங்களும், புரதத்துக்கு வேண்டாத டசின்கணக்கான வகைகளும் கலந்திருக்கின்றன. பிழையான ஒன்று சேர்ந்தால் சங்கிலி வளர்வது நிற்கலாம், மடிப்பு மாறலாம். இந்தக் கலவையிலிருந்து சரியானவை எப்படித் தெரிந்தெடுக்கப்பட்டன என்பதற்கு இன்றைக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விடை இல்லை. சரக்கில் எவ்வளவு பங்கு வானத்திலிருந்து, எவ்வளவு பூமியின் சொந்தச் சமையல் என்பதும் தீரவில்லை. மில்லர் பாவித்த வாயுக்களைவிட ஆதிப் பூமியின் காற்றில் காபனீரொட்சைட்டும் நைதரசனும் அதிகம் இருந்திருக்கலாம் என்று இப்போது கருதுகிறார்கள். அப்படியான காற்றில் மின்பொறி தரும் அமினோ அமிலம் குறைவு. அந்தக் குறையை விண்தூசி எவ்வளவு நிரப்பியது என்று கணக்கிடத்தான் 10 இல் சொன்ன அந்தாட்டிக்காப் பனியை உருக்கி, தூசியை வடித்து எண்ணுகிறார்கள்.